கேளாமல் தூற்றுவோருக்கு

ஒரு நூலைப் படிக்காமல் அதற்கு மதிப்புரை எழுதுவோரை இலக்கிய உலகம் மதிப்பதில்லை. ஒரு கவிஞரின் ஓரடியைக்கூட ஓதாமல் அவரைப் பழிப்பவருக்கு நாம் அவையில் இடம் அளிப்பதில்லை. ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால், அதிலும் இளம்பெண்கள் விரும்பிக் கேட்கும் பாட்டு என்று வந்துவிட்டால், இந்த நியதி எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது. கேட்காமலே தீர்ப்பு, விசாரிக்காமலே தண்டனை. இந்தப் போக்கைக் கண்டிக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சாமையும் பலாவும் புளியும் தேனும் தரும் மண். அங்கு வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். அது மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வழங்கும் பெயர், கேரளத்தோடு தொடர்புடையதன்று. அம்மக்களின் பெண்பிள்ளைகள் பலர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கின்றனர். செல்பேசி மலையேறியபோது உலகத்துப் பாடல்களும் அதனோடு மலையேறின. அப்படி ஏறியவற்றுள் 'கேட்ஸ்ஐ' என்னும் பெண்கள் குழுவின் பாடல்களும் உண்டு. பூனைக்கண் என்பது அப்பெயரின் பொருள்.

இப்பாடல்களைப் பற்றி மலையூர்க் கூட்டமொன்றில் பெரியவர் ஒருவர் முழங்கக் கேட்டோம். இவை வெறும் கூச்சல் என்றார். அந்நியச் சரக்கு என்றார். வியாபாரிகள் வார்த்த பொம்மைகளின் ஆட்டம் என்றார். நம் கும்மியைக் கொல்ல வந்த நஞ்சு என்றார். முடிவில், பெண்பிள்ளைகளின் கையிலிருந்து செல்பேசியைப் பிடுங்குங்கள் என்று பெற்றோருக்கு ஆணையிட்டார். எந்தப் பாட்டைக் கேட்டீர்கள் ஐயா என்று வினவினோம். ஒன்றையும் கேட்டதில்லை என்று சிறிதும் கூசாமல் சொன்னார். அவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் ஒருவராக இருந்தால் நாம் எழுதியிருக்கவே மாட்டோம். அவர் குரல் பல ஊர்களில், பல மேடைகளில், பல வீடுகளில் ஒலிக்கும் குரல்.

அதே மலையில் காவலூர் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள வானாய்வு நிலையம் 1986 முதல் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1977 மார்ச் 10ஆம் நாள், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் செல்லும் நிகழ்வை அங்கிருந்து கவனித்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்னரே விண்மீனின் ஒளி மங்கியது. எதிர்பாராத அந்த மங்கலை அவர்கள் பதிவு செய்தார்கள். அதே நிகழ்வை இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்திலிருந்து கவனித்த அமெரிக்க அறிஞர்களும் அத்தகைய மங்கல்களைக் கண்டார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது இவ்வாறுதான் உலகுக்குத் தெரிந்தது. தொலைவில் உள்ளதை முதலில் பொறுமையாகக் கவனி, பிறகு பேசு. இதுவே அம்மலை கற்பிக்கும் ஒழுக்கம். அதே ஒழுக்கத்தோடு நாமும் இப்பாடல்களைக் கேட்க முற்பட்டோம். நமக்கு இவ்வகை இசை புதிது. எதை முதலில் கேட்பது என்று மலைப் பெண்பிள்ளைகளிடமே கேட்டுக்கொண்டு தொடங்கினோம்.

பாடுவோர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். கொரியாவின் ஹைப் நிறுவனமும் அமெரிக்காவின் கெஃபன் நிறுவனமும் இணைந்து உலகெங்குமிருந்து விண்ணப்பங்களைப் பெற்று, இருபது பெண்களைப் பொறுக்கி, போட்டி வைத்து, 2023 நவம்பரில் அறுவரைத் தேர்ந்தன. பிலிப்பைன்ஸ், சுவிட்சர்லாந்து, கொரியா ஆகிய நாடுகளிலிருந்து ஒவ்வொருவரும், அமெரிக்காவிலிருந்து மூவருமாக அமைந்த குழு அது. அமெரிக்கர் மூவருள் ஒருவர் லாரா ராஜ்; தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2024இல் முதல் பாடல்கள் வெளிவந்தன. 2025 நவம்பரில் கிராமி விருதுக்கான பட்டியலில், சிறந்த புதிய கலைஞர் பிரிவில் இக்குழுவின் பெயர் இடம்பெற்றது.

இனி, நாம் கேட்டவை. 'டச்' என்ற பாடல் இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டும். தொடர்பு கொள்ளாமல் அலைக்கழிக்கும் காதலனைப் பற்றிய சலிப்பே அதன் பொருள். தாளம் விரைவு, குரலோ மென்மை. விரைவும் மென்மையும் ஒன்றையொன்று இடறாமல் செல்வதில் ஒரு நயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. முதற்கேள்வியில் அது வறுமையாகத் தோன்றியது. மூன்றாம் முறை கேட்கையில், மறக்க நினைத்தும் மறக்க முடியாதவளின் மனம் இப்படித்தானே சுழலும் என்று தோன்றிற்று. ஆயினும் பாட்டு எங்கும் சென்று சேர்வதில்லை. சுழன்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

2025இல் வந்த 'நார்லி' நம்மைத் திடுக்கிட வைத்தது. இயந்திர ஒலிகளைக் கிழித்தும் நசுக்கியும் அமைத்த பாட்டு. தின்பண்டத்தையும் வாகனத்தையும் பிற பொருள்களையும் அடுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே அடைமொழியைச் சூட்டுகிறது. அந்த ஆங்கிலச் சொல் கொச்சை வழக்கில் அருமை என்றும் பொருள்படும், அருவருப்பு என்றும் பொருள்படும். கண்ட பொருளையெல்லாம் ஒரே சொல்லால் அளக்கும் காலத்தை இப்பாடல் எள்ளுகிறதா, அன்றி அக்காலத்தின் குரலாகவே ஒலிக்கிறதா? நம்மால் உறுதி கூற இயலவில்லை. பாடல் வெளிவந்தபோது இக்குழுவின் அன்பர்களே பலர் முகம் சுளித்தனர். மேடையில் ஆடக் கண்ட பின்னரே பலர் மனம் மாறினர். ஆட்டத்தின் துணையின்றி நிற்க முடியாத பாட்டு என்பதே நம் மதிப்பீடு. கூச்சல் என்ற குற்றச்சாட்டு எங்கேனும் பொருந்துமாயின் இங்கே ஓரளவு பொருந்தும். ஆனால் கேட்ட பிறகு நாம் சொல்லும் கூச்சலுக்கும், கேளாமல் அவர் சொன்ன கூச்சலுக்கும் வேறுபாடு உண்டு.

மூன்றாவது, அதே ஆண்டில் வந்த 'கேப்ரியேலா'. இதுவே நமக்குப் பிடித்தது. தன் காதலனைக் கவர்ந்துகொள்ளாதே என்று ஒருத்தி மற்றொருத்தியை இறைஞ்சும் பாட்டு. நடுவே ஸ்பானிய மொழி புகுகிறது. அவ்விடத்தில் குரலுக்கு உயிர் வந்துவிடுகிறது. கேட்டபோது நமக்கு மருதத்திணை நினைவுக்கு வந்தது. தலைவி, தலைவன், பரத்தை என்னும் அந்த முக்கோணத்தை ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே பாடியவர்கள் நாம். அந்தப் பயிற்சியால்தான் இப்பாட்டின் குறையும் நமக்குப் புலப்பட்டது. மருதத்தின் தலைவி தன் கோபத்தைத் தலைவன் மேல் வைக்கிறாள், வாயில் மறுக்கிறாள், அவன் வெளியே நிற்கிறான். கேப்ரியேலாவிலோ ஆடவன் மீது ஒரு பழியும் இல்லை. இரு பெண்கள் தம்முள் வழக்காட, அவன் சும்மா இருந்துவிடுகிறான். நம் பழம்பாடலின் பெண் இப்பாடலின் பெண்ணைவிடத் துணிந்தவள் என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை.

பாருங்கள், இப்பாடல்களின் மீது நமக்குக் குறைகள் உண்டு. ஆனால் அந்தப் பெரியவர் அடுக்கிய குறைகளுள் எஞ்சிய மூன்றும் நிற்குமா என்பதை ஆராய்வோம்.

அந்நியச் சரக்கு என்கிறார்கள். இந்தச் சொல்லை நம் இலக்கிய அன்பர்கள் உச்சரிக்கும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. கிஸ்ஸாவும் நாமாவும் முனாஜாத்தும் எந்த மண்ணில் முளைத்தவை? 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிர மசலாவில், மசலா என்ற பெயரே அரபு தந்ததன்றோ? வெளியிலிருந்து வந்த வடிவங்களைச் செவி கொடுத்துக் கேட்டு, தமிழாக்கி, தமதாக்கிக் கொண்டவர்கள் நம் புலவர்கள். அதே கையால் கும்மியும் சிந்தும் பாடினார்கள். அவர்கள் வழிவந்த நாம், அயலில் பிறந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு பாட்டைத் தள்ளுவது முன்னோரைத் தள்ளுவதாகும்.

வியாபாரிகள் வார்த்த பொம்மைகள் என்கிறார்கள். நிறுவனம் சேர்த்த குழு என்பது உண்மை. பாடல்களை எழுதுவோர் பெரும்பாலும் வேறு ஆட்கள் என்பதும் உண்மை. ஆனால் இது நேற்று தோன்றிய வழக்கமா? 1960களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் நிறுவனம் சுப்ரீம்ஸ் என்ற கறுப்பினப் பெண்கள் குழுவை இவ்வாறே வளர்த்தது. நடக்கவும் அமரவும் கூடப் பயிற்றுவித்தது. அவர்கள் பாடியவற்றை எழுதியோரும் வேறு ஆட்களே. அதனால் அவர்கள் குரல் பொய்யாகிவிடவில்லை. நம் திரைப்படப் பாடல்கள் எவ்வாறு பிறக்கின்றன? ஒருவர் எழுத, ஒருவர் மெட்டமைக்க, ஒருவர் பாட, வேறொருவர் வாயசைக்கிறார். அதை மெய்ம்மறந்து கேட்கும் நாம், இவர்களை மட்டும் பொம்மை என்பது என்ன நியாயம்? கண்டிக்க வேண்டியது ஒன்று உண்டு. இக்குழு உருவான வரலாற்றைக் காட்டும் தொடர் 2024இல் வெளிவந்தது. பயிற்சியில் இருந்த பெண்கள், தாம் ஒருவரையொருவர் வெல்ல வேண்டிய போட்டியில் நிறுத்தப்படப் போவதை இடையில் அறிந்து கலங்கியதை அதில் காணலாம். கண்டனம் அங்கே செல்லட்டும். நிறுவனத்தின் மேல் செல்லட்டும். பாடும் பெண்ணின் மேலும், கேட்கும் பெண்ணின் மேலும் அதை ஏன் எறிகிறீர்கள்?

கும்மியைக் கொல்லும் நஞ்சு என்கிறார்கள். இதுவே நம்மை மிகவும் சினமூட்டிய சொல். ஜமுனாமரத்தூரில் அரசு கோடை விழா நடத்துகிறது. விருந்தினர் வருகின்றனர், கலை நிகழ்ச்சிகளைக் கண்டு கைதட்டுகின்றனர், மலையிறங்கிப் போய்விடுகின்றனர். பாடியவளின் பாட்டில் என்ன இருந்தது என்று எத்தனை பேர் கேட்டார்கள்? பள்ளி ஆண்டு விழாக்களில் திரைப்பாடலுக்கு ஆடப் பிள்ளைகளைப் பழக்குவோர் யார்? ஊரின் இளைஞர்கள் ஒலிபெருக்கியில் திரையிசையை அலற விடும்போது மரபு அழிகிறது என்று எவரேனும் அவர்கள் செல்பேசியைப் பிடுங்கினரா? மரபைக் காக்கும் சுமை முழுவதையும் பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு, அவள் காதில் வேறொரு பாட்டு விழுந்தவுடன் பதறுவது மரபின் மேல் உள்ள அன்பாகுமா? அவள் மேல் உள்ள ஐயமே மரபின் பெயரால் பேசுகிறது.

அவளிடமிருந்து பிடுங்கப்படுவது பாட்டு மட்டுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். மலையில் படிக்கும் பெண்ணுக்கு அந்தச் சிறு கருவியில்தான் பாடமும், தேர்வு அறிவிப்பும், உதவித்தொகைச் செய்தியும், தொலைவில் படிக்கும் தோழியின் குரலும் வருகின்றன. பாட்டைக் காரணம் காட்டிக் கருவியைப் பறித்தால் இவை அத்தனையும் போகும். படிப்பு நின்ற பெண்ணுக்கு அடுத்து என்ன பேசத் தொடங்குவார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு சாராரையும் விட்டுவிடுவதற்கில்லை. குழுவில் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவர் இருக்கிறார், நெற்றியில் பொட்டிட்டு மேடையேறுகிறார் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு மார்தட்டும் அன்பர்கள் அவர்கள். இவர்களும் பாடலைக் கேட்டவர்கள் அல்லர். அவர் எந்தப் பாடலில் எந்த வரியைப் பாடுகிறார் என்று கேட்டால் விழிப்பார்கள். கேளாமல் தூற்றுவதும் கேளாமல் போற்றுவதும் ஒரே சோம்பலின் இரு பிள்ளைகள். கலைஞரைக் கலைஞராக மதிப்பதென்றால் அவர் பாட்டைக் கேட்டு, நன்றெனின் நன்றென்றும் குறையெனின் குறையென்றும் சொல்ல வேண்டும். லாரா ராஜின் குரலில் திண்மை உண்டு. அதற்குரிய இடத்தை நாம் கேட்ட பாடல்கள் போதுமான அளவு தரவில்லை. இதுவே அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.

கும்மியையும் இப்பாடல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். இரண்டிலும் பெண்கள் பலர் கூடிப் பாடுகிறார்கள். ஒருத்தி தொடங்க மற்றவர் ஏற்கிறார்கள். ஆனால் கும்மியின் வட்டத்தில் புதிதாக ஒருத்தி நுழைந்து தன் வரியைச் சேர்த்துவிடலாம். அன்றைய கோபத்தையும் கேலியையும் பாட்டாக்கிவிடலாம். பூனைக்கண் பெண்களின் வட்டம் அவ்வாறு திறந்ததன்று. கேட்பவள் அதற்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். அவர்களுக்கும் சொந்தச் சொல் குறைவு. இப்பாடல்களில் நாம் கண்ட பெருங்குறை இதுதான். இக்குறையை அந்தப் பெண்பிள்ளைகளிடம் சொன்னோம். ஒருத்தி சற்றும் யோசியாமல், அப்படியானால் அந்த மெட்டில் எங்கள் சொல்லைப் போட்டுக்கொள்கிறோம் என்றாள். நம் புலவர்கள் செய்த வேலையை அவள் செய்யப் புறப்பட்டிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. பெரியவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

ஆகவே, பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் மேடையில் பேசுவோரிடமும் நாம் வேண்டுவது அதிகமன்று. பிடுங்கிய செல்பேசியைத் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பாட்டு உனக்குப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று அவளிடம் கேளுங்கள். அவளோடு அமர்ந்து ஒரு பாட்டை முழுதும் கேளுங்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். அதன் பிறகும் அது தீது என்று தோன்றினால் காரணத்தோடு சொல்லுங்கள். அவள் மறுத்தால் மறுப்பையும் கேளுங்கள். அதற்கு மனமில்லாதவர்கள் அவளுடைய செவியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமையை இழந்தவர்கள்.