பலவீனமான காற்றா?

'பலவீனமான சூறாவளி.' இப்படி ஒரு செய்தியைக் கண்டால் நாம் என்ன செய்வோம்? பக்கத்தைப் புரட்டி விட்டு அடுத்த செய்திக்குப் போய் விடுவோம். சற்று நில்லுங்கள் சகோதரர்களே! யாருக்கு அது பலவீனம்?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய ஊர் மான்டிபெல்லோ. 2023 மார்ச் 22 அன்று முற்பகலில், கிடங்குகளும் தொழிற்கூடங்களும் நிறைந்த பகுதியில் 'டொர்னாடோ' எனும் சுழற்காற்று இறங்கியது. நீடித்தது இரண்டு மூன்று நிமிடங்கள் தான். ஓடிய தூரம் 700 மீட்டர் கூட இல்லை. அகலம் 50 மீட்டருக்கும் குறைவு. அதற்குள் 17 கட்டிடங்கள் சேதமடைந்தன. அவற்றில் 11 கட்டிடங்களுக்குள் யாரும் நுழையக் கூடாது என்று சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டது. ஒருவர் காயமடைந்தார்.

இத்தகைய காற்றின் வேகம் பெரும்பாலும் எந்தக் கருவியிலும் பதிவாவதில்லை. வானிலைத் துறையினர் இடத்துக்கு நடந்து சென்று பார்க்கிறார்கள். மரங்கள் ஒரே திசையில் சாய்ந்தனவா, குறுக்கும் நெடுக்குமாகவா? கூரைத் தகடு மட்டும் போனதா, சட்டமும் போனதா? 28 வகைக் கட்டிடங்கள், மரங்களுக்கான அட்டவணையோடு ஒப்பிட்டு வேகத்தைக் கணிக்கிறார்கள். மான்டிபெல்லோவில் அது மணிக்கு சுமார் 177 கிலோமீட்டர். 0 முதல் 5 வரையுள்ள தரவரிசையில் 1. கீழேயுள்ள இந்த இரண்டு படிகளுக்குத் தான் 'பலவீனம்' என்று பெயர்!

முந்தைய நாள், அதே கலிஃபோர்னியாவின் கார்பின்டீரியாவில் வீசியதோ அதைவிடச் சிறியது. தரம் 0. ஆனாலும், இடம் பெயர்க்கத்தக்க இலகுவான வீடுகள் கொண்ட குடியிருப்பில் சுமார் 25 வீடுகள் சேதமாயின. கூரை வலுவற்றதாக இருந்தால், பலவீனமான காற்றும் பலசாலி தான்!

அந்தத் தரம் காற்றுக்குரியது. நனைந்து போன சரக்கையும், பூட்டிக் கிடந்த நாட்களையும், கூலி இழந்த தொழிலாளியையும் அது அளப்பதில்லை. அது வானிலைத் துறையின் வேலையும் அல்ல. அந்தக் கணக்கை யார் எடுப்பது?

வணிகர்களே! பெருக்கித் தள்ளுவதற்கு முன் படம் எடுங்கள். சேதமான சரக்கைப் பட்டியலிடுங்கள். கொள்முதல் ரசீதுகளின் நகலைக் கடைக்கு வெளியே வேறோர் இடத்தில் வையுங்கள். கூரையின் ஆணியையும் போல்ட்டையும் காற்று வரும் முன்பே சோதியுங்கள்.

இளைஞர்களே! விரிசல் விட்ட கட்டிடத்துக்குள் நுழையாதீர்கள். அறுந்த மின்கம்பியை நெருங்காதீர்கள். நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகச் செல்லுங்கள். பெரிய கடையோடு நின்று விடாதீர்கள். தள்ளுவண்டிக்காரரின் இழப்பையும் எழுதுங்கள். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். ஒரு மிகைக் கணக்கு போதும், பத்து உண்மைக் கணக்குகளையும் சந்தேகத்துக்கு ஆளாக்கி விடும்.

காற்று பலவீனமானது என்று அதிகாரி எழுதட்டும். அது அவரது கடமை. இழப்பும் அற்பமானது என்று நாம் முடிவு கட்டி விடலாமா? சிந்தியுங்கள்!