வண்டியை இழுக்க வருபவனிடம் தாளைக் கேளுங்கள்!

தமிழர்களே! தவணை பாக்கி என்றதும் நாலு தடியர்கள் தாமானுக்குள் நுழைந்து உங்கள் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் போனால் போதும் என்று நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். மறுநாள் ஃபேக்டரிக்குப் போக வண்டி இல்லை. மாதக் கடைசியில் வேலையும் இல்லை.

1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் என்ன சொல்கிறது? தொடர்ந்து இரண்டு தவணையோ, கடைசித் தவணையோ தவறினால்தான் வண்டியில் கை வைக்கலாம். அதுவும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து 21 நாள் கழித்து. ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டீர்களா? நீதிமன்ற உத்தரவு வேண்டும். வண்டி எடுத்தவர் இறந்துபோனால், தொடர்ந்து நான்கு தவணை தவறும்வரை தொடக்கூடாது. கணவனை இழந்தவள் வாசலில் மறுமாதமே வந்து நிற்பவனுக்கு இது தெரியாதா? தெரியும். நமக்குத் தெரியாது என்பதும் தெரியும்!

இழுக்க வருபவனுக்கு அரசாங்க பெர்மிட் வேண்டும். யாராவது கேட்டிருக்கிறோமா? கோயில் திருவிழாவில் மாலை வாங்கும் நம் தலைவர்கள் ஒரு மேடையிலாவது இதைச் சொன்னதுண்டா?

நோட்டீஸ் இல்லாமல் எடுத்தார்களா? ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மலாய் எழுத வராவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.