அத்தை கேட்ட கேள்வி

"ஏண்டி, இதென்ன, சலவை சோப்புக் கட்டி மாதிரி?"

குன்னூரில் நாங்கள் தங்கியிருந்த வாடகை பங்களாவின் சமையலறையில் அத்தை கேட்ட முதல் கேள்வி இது. கடைவீதியில் நான் வாங்கி வந்த செடார் சீஸைத்தான் அப்படிச் சொன்னாள். இரண்டாவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது.

"இது சைவம்தானே?"

"பால்தானே அத்தை!" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால், அறுபது வருஷமாக நியமம் தவறாமல் சாப்பிட்டு வருகிறவளுக்குப் பாதி உண்மையைப் பரிமாற மனசு வரவில்லை. சங்கதி இதுதான்: பாலைத் திரைய வைத்துச் சீஸ் செய்ய 'ரென்னட்' என்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். பழைய முறையில் அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. இப்போது நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கும் ரென்னட்டும் தாராளமாகப் புழங்குகிறது. ஆகவே, வாங்கும்போதே பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். நல்லவேளை, என் பொட்டலத்தில் இருந்தது!

சரி, அதை எதனோடு சாப்பிடுவது? எனக்கு அயர்லாந்துச் சமையல் நினைவுக்கு வந்தது. அங்கேயும் மழை, குளிர், பசும்புல், கறவை மாடு. ஏழைக் குடியானவர்களுக்கு உருளைக்கிழங்கும் மோரும்தான் ஆகாரம். 1845-ல் உருளைச் செடியில் நோய் விழுந்து வந்த பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள் என்றால், அந்தக் கிழங்கை எவ்வளவு நம்பியிருந்தார்கள் பாருங்கள்! நீலகிரியில் 1820-களில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட வைத்தவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். இன்றைக்கு நமக்கு 'ஊட்டி உருளை' என்றால்தான் திருப்தி.

அந்த ஊர்ப் பதார்த்தம் ஒன்றின் பெயர் 'கோல்கேனன்'. பெயர்தான் பயமுறுத்தும், செய்வது சுலபம். அரைக் கிலோ உருளைக்கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து, சூடாக இருக்கும்போதே மசியுங்கள். கால் கிலோ முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி வேகவைத்து, நீரை ஒட்டப் பிழிந்து சேர்த்து, கால் கப் சூடான பால், இரண்டு ஸ்பூன் வெண்ணெய், உப்பு, மிளகுத்தூள் போட்டுக் கலக்குங்கள். மேலே ஒரு கைப்பிடி செடாரைத் துருவித் தூவினால், அந்தச் சூட்டிலேயே இளகிவிடும். உருளை சாதுவான கிழங்கு. செடாரின் உப்பும் புளிப்பும் அதற்கு உயிர் கொடுக்கும்.

பானம்? அயர்லாந்து என்றால் கறுப்பு பீரும் விஸ்கியும்தான் என்று நினைக்க வேண்டாம். உலகத்தில் மிக அதிகமாகத் தேநீர் குடிக்கிறவர்களில் அவர்களும் உண்டு. நமக்கோ நீலகிரித் தேயிலை வாசலிலேயே விளைகிறது! சீஸோடு குடிக்கும்போது மட்டும் பால் சேர்க்காதீர்கள். தேநீரின் துவர்ப்பு, நாக்கில் படிந்த கொழுப்பை அலம்பிவிடும். அடுத்த வாய் முதல் வாய் போலவே ருசிக்கும். மென்மையான சீஸுக்கு இளம் தேநீர். காரமான பழஞ்சீஸுக்குத் திடமான தேநீர். இதுதான் கணக்கு.

இன்னொரு விஷயம். சீஸுக்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. 1988-ல் 'கயாமத் சே கயாமத் தக்' படத்தை இயக்கிய மன்சூர் கான், பம்பாயை விட்டு வந்து அமைத்த சீஸ் பண்ணை குன்னூரில்தான் இருக்கிறது.

அத்தை ஒரு வாய் சாப்பிட்டாள். தேநீரை ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு வாய். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா, கொஞ்சம் கடுகும் பச்சை மிளகாயும் தாளிச்சுக் கொட்டினா என்ன?"

கொட்டினோம். அயர்லாந்துக்காரர்கள் மன்னிப்பார்களாக!