முதலில் காப்பி!

மார்ச் 30, சாயங்காலம் நாலு மணி. எங்கள் செக்‌ஷன் கம்ப்யூட்டர், 'பூட் டிவைஸ் இல்லை' என்று கறுப்புத் திரையில் கையை விரித்துவிட்டது. வருஷக் கணக்கு மொத்தமும் அதற்குள். அக்கவுன்டன்ட் முகத்தில் ஈயாடவில்லை.

ரிப்பேருக்கு வந்த தம்பி பெட்டியைத் திறக்கவேயில்லை. "ஹார்ட் டிஸ்க் செத்துப்போச்சு சார். ஃபார்மட் அடிச்சுடலாமா?"

"செத்த டிஸ்க்கை எப்படிப்பா ஃபார்மட் அடிப்பே?"

தம்பி தலையைச் சொறிந்தார்.

உங்களுக்கும் இந்த கதி வரலாம். பதறாதீர்கள். பின்பக்கம் யாராவது பென் டிரைவைச் செருகி மறந்திருக்கிறார்களா? பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் பண்ணுங்கள். சரியாகவில்லையா? ஆன் ஆனதும் எஃப்2 அல்லது டெலிட்டைத் தட்டி (மாடலுக்கு மாடல் மாறும்) பயாஸுக்குள் நுழையுங்கள். டிஸ்க் பெயரே காணோமென்றால், கரன்ட்டைத் துண்டித்துவிட்டு இரண்டு முனையிலும் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். பெயர் இருக்கிறது, தேதி மட்டும் பல வருஷம் பின்னால் போய்விட்டதா? மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி காலி. பழைய செட்டிங்ஸ் மறந்திருக்கும்.

எங்கள் கேஸும் அதேதான். பேட்டரியை மாற்றி, பூட் வரிசையைச் சரிசெய்ததும் விண்டோஸ் விழித்துக்கொண்டது.

டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' சத்தம் வந்தால் மட்டும் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் உள்ளதும் போகும்.

"வாங்க, காப்பி சாப்பிடலாம்" என்றேன் அக்கவுன்டன்டிடம்.

"முதல்ல காப்பி எடுத்துக்கறேன் சார்!" என்றார், பென் டிரைவைத் தேடிக்கொண்டே.