"அனுப்பியாச்சு" என்று மட்டும் எழுதினால் போதுமா?



நமது ஊர்களில் இப்போது வீட்டுக்கு வீடு ஒரு கடை இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லாத கடை. மருதமுனையில் நெய்த சாறனையும் சாரியையும், காத்தான்குடியில் தைத்த அபாயாவையும் பேஸ்புக்கில் போட்டு கண்டிக்கும் காலிக்கும் அனுப்புகிறார்கள். எங்களிடம் படித்த பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள். அவர்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஈமெயிலும் வட்ஸ்அப் செய்தியும் எங்கள் போனுக்கும் வருகின்றன. துணியில் குறை சொல்ல எதுவுமில்லை. செய்திதான் சரியில்லை.

"யுவர் ஓடர் ஷிப்ட்." அதற்குக் கீழே ஒரு நீண்ட இலக்கம், ஒரு லிங்க். முடிந்தது. இதைப் பார்த்துவிட்டு "பார்சல் கப்பலிலயா வருது மகன்?" என்று கேட்ட உம்மம்மாவும் நம் ஊரில் உண்டு. சிரிக்க வேண்டாம், அவர் கேட்டது நியாயமான கேள்வி.

கடையில் ஒரு கையால் காசைக் கொடுத்து மறு கையால் பொருளை வாங்குகிறோம். ஒன்லைனில் இரண்டுக்கும் இடையில் மூன்று நாள் இருக்கிறது. அந்த மூன்று நாளும் வாங்கியவருக்குத் துணை, நாம் எழுதும் நாலு வரிதான். பொருள் கிடைத்த பிறகு காசு தரும் முறையில் இன்னும் மோசம். நாலு நாள் ஒரு சத்தமும் இல்லை என்றால் அவர் வேறிடத்தில் வாங்கிவிடுவார். கூரியர் பிள்ளை கோல் எடுக்கும்போது "வேண்டாம்" என்பார். பார்சல் திரும்பி வரும், கூலி அந்த வீட்டுப் பெண்ணின் தலையில் விழும். பெருநாள் நேரத்தில் இப்படி நாலைந்து திரும்பினால் அந்த மாத இலாபம் அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தபால் திணைக்களத்தின் பெயரைச் சொல்லி, "உங்கள் விலாசம் பிழை, இந்த லிங்கில் போய் சிறு தொகை கட்டுங்கள்" என்று போலிச் செய்திகள் வந்ததும், திணைக்களமே அதைப் பற்றி எச்சரித்ததும் நமக்குத் தெரியும். அந்தக் கள்ளச் செய்தியையும் நம் பிள்ளைகளின் நல்ல செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பெயர் இல்லை, பொருள் இல்லை, ஒரு லிங்க் மட்டும். நேர்மையான வியாபாரியே கண்ணை மூடிக்கொண்டு லிங்கை அமத்தப் பழக்கினால், நாளைக்குக் கள்ளன் அனுப்பியதையும் நம் உம்மாமார் அமத்தத்தான் செய்வார்கள்.

ஆகவே கள்ளனுக்குத் தெரியாததை எழுதுங்கள். அவர் பெயர், என்றைக்கு ஓடர் தந்தார், எவ்வளவு கட்ட வேண்டும். எங்கள் பார்வையில் ஒரு நல்ல செய்தி இப்படி இருக்கலாம்:

"ராத்தா, நீங்கள் திங்கட்கிழமை கேட்ட 2 சாறனும் இன்று பின்னேரம் கூரியரில் கொடுத்துவிட்டோம். புதன் அல்லது வியாழன் உங்கள் வீட்டுக்கு வரும். வரும்போது 3,200 ரூபா கொடுத்தால் போதும், அதற்கு முன் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம். நாங்கள் ஓடிபி கேட்க மாட்டோம். வியாழன் இரவுக்குள் வராவிட்டால் இந்த இலக்கத்துக்கே கோல் எடுங்கள்."

ஈமெயில் என்றால் தலைப்பிலேயே "உங்கள் சாறன் புதன் அல்லது வியாழன் வரும்" என்று போடுங்கள். போன் திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும். அங்கே கடையின் பெயரையும் மூன்று பூப்படத்தையும் போட்டு என்ன பயன்?

"2-3 வேலை நாட்கள்" என்பதும் எங்களுக்குப் பிடிக்காத சொல். சனிக்கிழமை வேலை நாளா? இடையில் போயா வந்தால்? கணக்குப் பார்ப்பது அனுப்புபவரின் வேலை, கிழமையைச் சொல்லிவிடுங்கள். 05/06 என்று எழுதினால் ஜூன் 5 என்பார் ஒருவர், மே 6 என்பார் வெளிநாட்டில் இருக்கும் மகன்.

பொருளின் பெயரை எழுதுவதில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் ஒரே போனை நாலு பேர் பார்க்கிறார்கள். மனைவி ஒளித்து வாங்கும் பெருநாள் பரிசும், பெண்களின் உள்ளாடையும் எல்லோர் கண்ணிலும் படத் தேவையில்லை. அங்கே "நீங்கள் கேட்ட பொருள்" என்றால் போதும், திகதியும் தொகையும் அடையாளம் காட்டும்.

"எஸ்எம்எஸ்ஸில் தமிழ் போட்டால் காசு கூட" என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழிலும் சிங்களத்திலும் 70 தான். அதிலும் "மருதமுனை" கண்ணுக்கு 5 எழுத்து, போனின் கணக்கில் 8. ஆனால் வட்ஸ்அப்புக்கும் ஈமெயிலுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லையே! காலியில் இருப்பவருக்குச் சிங்களத்தில் எழுதுங்கள், தெரியாவிட்டால் தெரிந்த பிள்ளையிடம் ஒரு தடவை எழுதி வாங்கி வைத்தால் காலத்துக்கும் உதவும். வாய்ஸ் அனுப்புவது வாசிக்கத் தெரியாதவருக்கு நல்லது, ஆனால் நாலு நாள் கழித்துத் தேடி எடுக்க எழுத்துத்தான் வேண்டும்.

தாமதமானால் முதலில் சொல்ல வேண்டியவர் நாம்தான். "மழையால் லொறி வரவில்லை, வெள்ளிக்கிழமைதான் வரும், வேண்டாம் என்றால் இப்போதே சொல்லுங்கள்" என்று அவர் கேட்கும் முன்பே எழுதினால் பலர் காத்திருப்பார்கள். கேட்ட பிறகு சொல்வது சாட்டுப் போலத்தான் தெரியும்.

பாடசாலையில் நாங்கள் பிரதேச சபைத் தவிசாளருக்கு வீதி விளக்குக் கேட்டு விண்ணப்பம் எழுதக் கற்றுக் கொடுக்கிறோம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. சாதாரண தரம் முடித்த பிள்ளை அடுத்த மாதமே வியாபாரம் தொடங்கும் ஊரில், இந்த நாலு வரியும் அதே பாடத்தில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. சக ஆசிரியர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

வியாபாரம் செய்யும் பிள்ளைகள் நீங்கள் அனுப்பும் செய்தியை எங்களுக்கு அனுப்பி வையுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறோம். இரவு 8 மணிக்குப் பிறகு என்றால் வசதி, பகலில் வகுப்பு இருக்கிறது.