கணனி கற்போம்: படத்தின் புள்ளிகளை எண்ணிப் பார்ப்போம்



பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்வது பற்றிச் சென்ற இதழில் பார்த்தோம். ஸ்கேன் செய்த படத்துக்குள் என்ன இருக்கிறது, அதை எப்படி அளப்பது என்பதை இம்முறை பார்ப்போம்.

இது ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உரிய விடயம் அல்ல. காணாமற்போன மகனுடையதோ கணவனுடையதோ ஒரே ஒரு படம்தான் நம்மில் பலரிடம் மிஞ்சியிருக்கிறது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டு போன படம் அது. நான் வேலை செய்யும் வலப்பனைப் பகுதியிலும் 2007 ஜனவரி மண்சரிவிலும், 2025 நவம்பர் டித்வா புயலிலும் வீடுகளோடு சேர்ந்து படங்களும் போயின. மிஞ்சிய ஒரு படத்தை யாரிடமாவது கொடுக்கும்போது, அதற்கு என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிக்சல் என்றால் என்ன?

துணியில் குறுக்குத் தையல் போட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். தூரத்தில் பார்த்தால் ரோசாப்பூ. கிட்டப் பார்த்தால் சின்னச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிற நூல். கணனியில் உள்ள படமும் அப்படித்தான். அந்தக் கட்டத்தின் பெயர் பிக்சல். கணனி அதை நிறமாக அல்ல, எண்ணாகவே வைத்திருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒவ்வோர் எண். மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. கறுப்பு வெள்ளைப் படத்தில் மூன்று எண்களும் ஒன்றாகவே இருக்கும்.

உலகில் முதன்முதலாகக் கணனிக்குள் ஸ்கேன் செய்யப்பட்ட படம் ஒரு குழந்தையின் படம். 1957இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் என்ற பொறியியலாளர், மூன்று மாதமான தன் மகனின் படத்தை அப்படிச் செய்தார். அதில் இருந்தது வரிசைக்கு 176 புள்ளி வீதம் 176 வரிசை, மொத்தம் 30,976 புள்ளிகள். இன்று 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமும் உள்ள கடவுச்சீட்டு அளவுப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 413 x 531, அதாவது ஏறக்குறைய 2 இலட்சத்து 19 ஆயிரம் புள்ளிகள் கிடைக்கும்.

பார்ப்பதும் அளப்பதும்

ஜிம்ப் என்ற மென்பொருள் இலவசமானது. போட்டோஷொப் உள்ள இடத்தில் அதிலும் இவற்றைச் செய்யலாம்.

1. மொத்த அளவு: ஜிம்பில் படத்தைத் திறந்து, இமேஜ் பட்டியலில் உள்ள இமேஜ் ப்ரொப்பர்ட்டீஸை அழுத்துங்கள். அகலம் எத்தனை பிக்சல், உயரம் எத்தனை பிக்சல் என்று காட்டும்.

2. ஒரு புள்ளியின் எண்: படத்தை 800 வீதத்துக்குப் பெருப்பியுங்கள். கட்டங்கள் தெரியும். நிறம் எடுக்கும் சொட்டுக்குழாய்க் கருவியைத் தெரிவுசெய்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி புள்ளியில் சொடுக்கினால் சிறு பெட்டியில் எண்கள் வரும். போட்டோஷொப்பில் எஃப்8 விசையை அழுத்தினால் வரும் இன்ஃபோ பெட்டி, சுட்டி போகும் இடமெல்லாம் எண்ணைச் சொல்லும். பழைய படத்தில் தூசியும் மணலும் போன்ற புள்ளிகள் இருப்பதால் ஒரே புள்ளியை நம்ப வேண்டாம். பக்கத்துப் புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கும் வசதி இரண்டிலும் உண்டு.

3. தூரம்: அளக்கும் கருவியை எடுத்து ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இழுத்தால், இடையில் எத்தனை பிக்சல் என்று ஜிம்ப் கீழே காட்டும். 300 புள்ளி ஸ்கேனில் ஏறத்தாழ 12 பிக்சல் ஒரு மில்லிமீற்றர். 600 புள்ளி ஸ்கேனில் 24 பிக்சல்.

4. ஹிஸ்டோகிராம்: கலர்ஸ் பட்டியலில் இன்ஃபோ என்பதற்குள் இருக்கும். இருட்டான புள்ளிகள் எத்தனை, வெளிச்சமானவை எத்தனை என்பதை மலை போலக் காட்டும் வரைபடம் இது. இடப்பக்கச் சுவரோடு ஒரேயடியாக ஒட்டிக் கிடந்தால் நிழலில் இருந்த விபரம் பதிவாகவில்லை. பிறகு எவ்வளவு வெளிச்சம் கூட்டினாலும் அது வராது. சீப்புப் பல் மாதிரி இடைவெளிகள் தெரிந்தால் படத்தின் வெளிச்சத்தை யாரோ ஏற்கனவே மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

ஒரு மறுவின் கணக்கு

கன்னத்தில் 4 மில்லிமீற்றர் அகல மறு என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சீட்டு அளவுப் படத்தில் முகம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆகவே படத்தில் மறு சுமார் 0.6 மில்லிமீற்றர். 600இல் ஸ்கேன் செய்தால் அதற்கு 14 பிக்சல் அகலம் கிடைக்கும். 300இல் 7. 100இல் செய்தால் இரண்டே இரண்டு. இரண்டு பிக்சல் மறுவா, தூசியா என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளையின் அடையாளம் தங்குவதும் போவதும் ஸ்கேன் செய்பவர் தெரிவுசெய்யும் அந்த ஓர் எண்ணில்தான்.

சென்ற ஆண்டு ஓர் அக்கா எங்கள் கடைக்கு வந்தார். வலப்பனைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன பல குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 2009இல் காணாமற்போன மகனின் கறுப்பு வெள்ளைப் படத்தை, உறவுக்காரப் பிள்ளையொன்று போனில் உள்ள செயலி ஒன்றால் "கிளியர்" பண்ணிக் கொடுத்திருந்தது. அதைப் பெரிதாக அச்சடிக்கத்தான் வந்தார்.

"மூஞ்சி பளிச்சுன்னுதான் இருக்கு தங்கச்சி. ஆனா எம் புள்ள மாதிரி இல்லியே, ஏன்?" என்று கேட்டார்.

நல்லவேளையாக மூலப்படமும் கையில் இருந்தது. அதை 600இல் ஸ்கேன் செய்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மூலப்படத்தில் இடது கன்னத்தில் எண் 150 அளவில் இருந்தது. ஓரிடத்தில் மட்டும் 84க்கு இறங்கியது. செயலி செய்த படத்தில் அதே இடத்திலும் 150தான். "அந்த மச்சம் பொறந்ததுலேருந்து இருக்கு" என்றார் அக்கா. செயலி அதை அழுக்கு என்று எடுத்துத் துடைத்துவிட்டது. கண் இமை, பல் வரிசை எல்லாம் மூலப்படத்தில் இல்லாத அளவுக்குக் கூர்மையாக இருந்தன. அவை அவருடைய பிள்ளையின் இமையும் பல்லும் அல்ல. மூலப்படத்தையே பெரிதாக்கி அச்சடித்துக் கொடுத்தோம். கொஞ்சம் மங்கல்தான். அக்கா அதையே வாங்கிக்கொண்டு போனார்.

இப்படி ஏன் நடக்கிறது? பெரிதாக்குவதால் புதிய விபரம் பிறக்காது. பழைய மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இடையை நிரப்பும். அதனால் மங்கும், ஆனால் பொய் சொல்லாது. இன்றைய செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ தாம் கற்ற ஆயிரக்கணக்கான வேறு முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புகின்றன. 2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான பல்ஸ் என்ற நிரலுக்கு, பராக் ஒபாமாவின் படத்தைச் சில கட்டங்களாகச் சுருக்கிக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவரின் தெளிவான முகம் வந்தது. ஊரறிந்த முகத்துக்கே அந்த நிலை என்றால் நம் பிள்ளைகளின் முகத்துக்கு என்ன உத்தரவாதம்?

மனைக்கு மாலை போட்டு வைக்கும் படத்தை அழகாக்குவது அவரவர் விருப்பம். ஆனால் பொலிசுக்கும், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும், தேடிப் பார்ப்பவர்களுக்கும் கொடுக்கும் படம் வேறு. அதில் மறுவும் தழும்பும் இருந்தபடியே இருக்க வேண்டும்.

நினைவில் வைத்திருங்கள்

* மூலப்படத்தைக் கையை விட்டு விடாதீர்கள். பக்கத்தில் நின்று ஸ்கேன் செய்வித்து வாங்குங்கள்.
* சிறிய படமென்றால் 600 புள்ளியில் செய்யச் சொல்லுங்கள். எத்தனை பிக்சல் என்று கேட்டுப் படத்தின் பின்னால் அல்ல, உறையில் எழுதி வையுங்கள்.
* டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் ஒரு பிரதி சேமியுங்கள். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விபரம் போகும்.
* வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் புள்ளிகள் குறையும். ஆவணமாக அனுப்புங்கள்.
* திருத்திய படத்தை வேறு பெயரில் வையுங்கள். முதல் ஸ்கேனின் மேல் சேமிக்க வேண்டாம்.
* ஒரே இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். நம்பிக்கையான இன்னொருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

கணனி வசதி இல்லாத சகோதரிகள் மகளிர் சங்கத்திலோ நூலகத்திலோ உள்ள கணனியில், பள்ளிப் பிள்ளையொன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை செய்து பாருங்கள். அரை மணித்தியாலம் போதும்.

மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்து உலர்த்துவது பற்றி அடுத்த இதழில் பார்ப்போம்.