துறையிலிருந்து தொடங்குக

வேனில் விடுமுறையிலே கணவனும் மனைவியுமாக மோட்டார் வண்டியேறி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கீழ்க் கரையோரமாய்ச் சார்ல்ஸ்டன், பியூபர்ட், ஸவன்னா, ஸெயின்ட் அகஸ்டின் முதலிய பழம்பட்டணங்களைக் கண்டுவருதல் அந்நாட்டாருக்கு நெடுநாளைய வழக்கம். உத்தியோகத்தின் பொருட்டு அங்கே குடியேறிய நம்மவரும் இதனை மேற்கொண்டுள்ளனர். பிரயாணம் நன்று, அதனைக் குறைகூற யாம் புகுந்திலேம். ஆயின் அப்பட்டணங்களை மாளிகைகளிலிருந்து பார்க்கத் தொடங்கலாகாது, துறையிலிருந்து தொடங்கவேண்டும் என்பது எம் கருத்து.

1670இல் ஆங்கிலேயர் நிறுவிய சார்ல்ஸ்டன் கண்ணைக் கவரும் ஊர் என்பதில் ஐயமில்லை. வீடுகள் தம் ஒடுங்கிய பக்கத்தை வீதிக்குக் காட்டி, நெடுந்தாழ்வாரங்களைக் கடற்காற்றுக்குத் திறந்து நிற்கின்றன. ஓக் மரங்களில் நரைத்த தாடிபோல் ஒன்று தொங்கும். அதனை ஸ்பானியப் பாசி என்பர். அது பாசியுமன்று, ஸ்பெயினுக்குரியதுமன்று, அன்னாசியின் இனத்தது! பழைய சுவர்களின் செங்கற்களிலோ விரற்சுவடுகள் காணப்படும். ஈரமண்ணைப் பிசைந்த அடிமைகளின் விரல்கள் அவை. சிறு பிள்ளைகளின் விரலளவே உள்ளனவும் உண்டு.

இச்செல்வமெல்லாம் எதனால் வந்தது? பெரும்பாலும் நெல்லால். நெல்லைப்பற்றி நம்மவருக்கு விளக்கம் வேண்டா. சதுப்புக் காட்டை வெட்டிக் கரையெடுத்து, மதகு வைத்து, கடலேற்றம் மேலே தள்ளும் ஆற்று நன்னீரை வயலிற் பாய்ச்சி, வற்றத்தில் வடித்துப் பயிரிட்டனர். இவ்வுழைப்பெல்லாம் ஆப்பிரிக்க அடிமைகளுடையது. அவர்களுட் பலர் நெல் விளையும் மேற்காப்பிரிக்கக் கரையிலிருந்து கொணரப்பட்டவர். வேனிலில் மலேரியாவுக்கு அஞ்சி எஜமானர் குடும்பத்தோடு பட்டணத்துக்கோ வடதேசத்துக்கோ போய்விடுவர். அடிமைகள் சேற்றிலே நிற்பர். இன்று உல்லாசப் பயணத்துக்கு ஏற்றதெனப்படுவதும் அதே வேனிற்காலந்தான்.

ஆதலால் சார்ல்ஸ்டனில் முதலிற் காணத்தக்கது காட்ஸ்டன் துறை. ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட அவ்விடத்தில் 2023இல் ஒரு பொருட்காட்சிசாலை திறக்கப்பட்டிருக்கின்றது.

ஸவன்னாவின் சரித்திரம் இன்னும் உறுத்துவது. 1733இல் ஓகல்தார்ப் என்பார் சதுக்கம் சதுக்கமாய் வகுத்த அழகிய நகரம் அது. அவர்தம் ஜார்ஜியாக் குடியேற்றத்தில் 1735 முதல் அடிமைமுறை சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. 1739இல் டேரியன் என்னும் சிற்றூரின் ஸ்காட்லாந்துக் குடிகள், அவ்விலக்கை நீக்கவேண்டா, மனிதரை என்றைக்கும் அடிமையாய் வைத்தல் மானிட இயல்புக்கே ஒவ்வாதது என்று விண்ணப்பம் செய்துகொண்டனர். எனினும் 1751இல் விலக்கு நீங்கிற்று. 1859இல் ஸவன்னாவின் புறத்தே ஒரு குதிரைப் பந்தய வெளியில் 436 பேர் இரண்டு நாள் ஏலத்துக்குக் கொணரப்பட்டனர். அக்காலத்தார் அறியாமற் செய்தனர் என்று வழக்காடுவோர் டேரியன் வழியாக ஒருமுறை போய்வரட்டும்.

இன்பமாய்ப் புறப்பட்ட இருவருக்கு இத்துயரக் கதைகள் எதற்கு என்பார் உளர். பண்ணை மாளிகைகளிலே மணவிழா நடத்துவோர் கூறுவதும் இதுவே. அன்னார்க்கு, அதே கரையில் நிகழ்ந்த வேறொரு தம்பதியின் பிரயாணத்தை நினைவூட்டுவோம்.

ராபர்ட் ஸ்மால்ஸ் பியூபர்ட்டில் அடிமையாய்ப் பிறந்தவர். சார்ல்ஸ்டன் துறையில் 'பிளாண்டர்' என்னும் நீராவிக் கப்பலை ஓட்டியவர். மனைவி ஹன்னாவையும் குழந்தையையும் விலைக்கு வாங்க அவர் 800 டாலர் கொடுக்கவேண்டியிருந்தது, அத்தொகை சேர்வதாயில்லை. உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1862 மே 13ஆம் நாள் விடியற்குமுன், வெள்ளைக்காரத் தலைவர்கள் கரையிலே தங்கிவிட்ட சமயத்தில், அவர் கப்பலை எடுத்தார். வேறொரு துறையில் மனைவி மக்களையும் தோழர் குடும்பங்களையும் ஏற்றிக்கொண்டார். கப்பல் தலைவனின் வைக்கோல் தொப்பியை அணிந்து, சம்டர் கோட்டைக்கு உரிய ஊதலை ஊதி, பீரங்கிகளின் கீழே கடந்து வடதேசத்துக் கப்பற்படையைச் சேர்ந்தார். பின்னர் நாட்டின் சட்டசபையிலும் அங்கத்தினராய் அமர்ந்தார்.

யுத்தகாலத்திலே வரிபாக்கிக்காக ஏலத்துக்கு வந்த தம் பழைய எஜமானரின் வீட்டை அவரே வாங்கினார். அவ்வீடு இன்றும் பியூபர்ட்டில் நிற்கின்றது. சார்ல்ஸ்டனிலிருந்து சாலைவழி ஏறக்குறைய எழுபது மைல்.